தவறவிட்ட நாளுக்கு மறுநாள்: 54 உத்திகளைப் போட்டிக்கு விட்ட ஓர் ஆய்வு

பெரியவர்களை உடற்பயிற்சி செய்ய வைக்க என்ன வழி என்று கேட்டால் ஆளுக்கொரு மருந்து சொல்வோம். மனசு வைத்தால் போதும் என்பார் ஒருவர். கையில் காசு கொடுங்கள், தானாக ஓடுவார்கள் என்பார் இன்னொருவர். மருத்துவர் நாலு வார்த்தை பயமுறுத்திச் சொன்னால் மறுநாளே நடக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பார் மூன்றாமவர். இப்படிப்பட்ட 54 திட்டங்களை ஒரே களத்தில் இறக்கி, ஒரே அளவுகோலால் அளந்து பார்த்த சோதனை ஒன்று உண்டு. அதன் முடிவுகள் 2021 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியாயின. அமெரிக்காவில் 24 ஹவர் ஃபிட்னஸ் என்ற ஜிம் நிறுவனத்தின் உறுப்பினர்கள் 61,293 பேர் பங்கேற்றார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மன், ஏஞ்சலா டக்வொர்த் இருவரும் முன்னின்று நடத்த, 15 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 30 ஆய்வாளர்கள் சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து திட்டங்களைத் தீட்டினார்கள். இத்தகைய பெரும் சோதனைக்கு அவர்கள் வைத்த பெயர் மெகா ஆய்வு.

அந்த ஒரு சோதனையைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கப் போகிறோம். அதன் முடிவுகளில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் எண் ஒன்று இருக்கிறது, யாரும் அதிகம் பேசாத எண்ணும் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் விஷயம் பிடிபடும்.

தெரியாமல் யாரும் சும்மா இருப்பதில்லை

உடல் அசைவு இதயத்துக்கு நல்லது என்பது புதிய செய்தியல்ல. 1953இல் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் வேலை பார்த்தவர்களை ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அது நடந்து எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை இயக்குங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் 2010இல் பெரியவர்களில் 26% பேர் இந்த அளவைத் தொடவில்லை. 2022இல் அது 31% ஆகிவிட்டது. தலைக்கணக்கில் சுமார் 180 கோடிப் பேர்.

அறிவுரை சொன்னால் திருந்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையை உடைத்த சிறிய ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. செய்தவர்கள் சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன். 248 மாணவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு எதுவும் இல்லை. இரண்டாம் பிரிவுக்கு இதய நோய் பற்றியும் உடற்பயிற்சியின் பயன் பற்றியும் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவும் அதையே படித்தது. கூடவே அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் பயிற்சி செய்வேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தது. அடுத்த வாரம் ஒருமுறையாவது பயிற்சி செய்தவர்கள் முதல் பிரிவில் 38%, இரண்டாம் பிரிவில் 35%, மூன்றாம் பிரிவில் 91%.

நடுவில் இருக்கும் அந்த 35%தான் கவனிக்க வேண்டியது. படித்தவர்களுக்கு ஆசை கூடியது, அதை அளந்தும் பார்த்தார்கள். கால்தான் நகரவில்லை. 91% என்ற எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். மாணவர்கள் தாங்களே சொன்ன கணக்கு அது, காலமும் மிகக் குறுகியது. ஆனால் ஆசைக்கும் செயலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது, தகவலைக் கொட்டி அதை நிரப்ப முடியாது என்பது பின்னால் வந்த பல ஆய்வுகளிலும் நிலைத்து நின்றது.

நம் ஆசையை நாமே எவ்வளவு அதிகமாக மதிப்பிடுகிறோம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களை மூன்று ஆண்டு பின்தொடர்ந்து 2006இல் எழுதினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிச் சேர்ந்தவர்கள் மாதத்துக்குச் சராசரியாக 4.3 முறைதான் வந்தார்கள். அப்படிப் பார்த்தால் ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. அதே இடத்தில் பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்கு 10 டாலர்தான். யாரும் ஏமாற்றவில்லை. தினமும் வரப்போகிற தன்னைக் கற்பனை செய்து, அந்த ஆளுக்காகப் பணம் கட்டினார்கள். அந்த ஆள் வரவே இல்லை.

சோதனைக்குள்

மெகா ஆய்வில் இருந்தவர்களும் இதே ரகம்தான். ஜிம்மில் உறுப்பினராக இருந்துகொண்டே, இன்னும் ஒழுங்காகப் போக வேண்டும் என்று விரும்பித் திட்டத்தில் சேர்ந்தவர்கள். எந்தத் திட்டமும் கிடைக்காத ஒப்பீட்டுக் குழு வாரத்துக்குச் சுமார் ஒன்றரை முறை ஜிம்முக்கு வந்தது. மற்றவர்களுக்கு 54 திட்டங்களில் ஒன்று குலுக்கல் முறையில் போனது. ஒவ்வொன்றுக்கும் நான்கு வாரம். அளந்தது ஒரே ஒரு விஷயத்தை: ஜிம் வாசலில் பதிவாகும் வருகை. இங்கே யாரும் 'நான் போனேன்' என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. மில்ன் குழுவின் ஆய்வில் இருந்த ஓட்டை இங்கே அடைபட்டது.

பெரும்பாலான திட்டங்களுக்கு அடித்தளம் ஒன்றுதான். எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருவேன் என்று உறுப்பினரே குறித்துக் கொடுக்க வேண்டும். அதை நினைவூட்டக் கைபேசிக்கு ஒரு செய்தி வரும். வந்தால் அமேசானில் செலவழிக்கக்கூடிய சொற்பப் புள்ளிகள் கிடைக்கும். இந்த அடித்தளத்தின் மேல்தான் ஒவ்வொரு குழுவும் தன் யோசனையைக் கட்டியது. ஒரு குழு பரிசைக் கூட்டியது. இன்னொன்று கேட்டுக்கொண்டே பயிற்சி செய்ய ஒலிப்புத்தகம் கொடுத்தது. மற்றொன்று 'உங்களைப் போன்ற பலர் வருகிறார்கள், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது' என்ற தொனியில் பேசியது.

முதலிடம் பிடித்த திட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒருவர் செவ்வாய் மாலை ஆறு மணி என்று குறித்திருக்கிறார் என்று வையுங்கள். நாலரைக்குத் தொடங்கிய கூட்டம் ஆறேகாலுக்கும் முடியவில்லை. பயிற்சி உடுப்பு வைத்த பை மேசைக்கடியிலேயே கிடக்கிறது. செவ்வாய் போயிற்று. வழக்கமாக அடுத்து என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்: வியாழனன்று பை வீட்டை விட்டே கிளம்பாது, 'திங்களிலிருந்து ஒழுங்காக ஆரம்பிக்கிறேன்' என்று ஒரு தீர்மானம் பிறக்கும், அந்தத் திங்கள் வராது. முதலிடத் திட்டம் கை வைத்தது சரியாக இந்த இடத்தில்தான். ஒரு நாளைத் தவறவிட்டவர் அடுத்து குறித்த நாளில் திரும்பி வந்தால் அவருக்குக் கூடுதல் புள்ளிகள். அவற்றின் மதிப்பு சுமார் 9 செண்ட். ஒரு டாலரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

இதனால் வாராந்திர வருகை ஒப்பீட்டுக் குழுவைவிட 27% கூடியது. எல்லோரும் எடுத்துச் சொல்லும் எண் இதுதான். ஒவ்வொரு வருகைக்கும் பெரிய பரிசு தந்த திட்டமும் முன்வரிசையில்தான் நின்றது. அதைவிட மிகக் குறைந்த செலவில் இது அந்த இடத்தைப் பிடித்தது.

54 திட்டங்களில் 45% வருகையை உறுதியாகக் கூட்டின, 9% முதல் 27% வரை. பாதிக்கு மேற்பட்டவை அப்படி எதையும் காட்டவில்லை. தீட்டியவர்கள் எல்லோரும் இந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

நிபுணர்களின் கணிப்பு

முடிவு தெரியாத வெளியாட்களிடம், எந்தத் திட்டம் எவ்வளவு வேலை செய்யும் என்று முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். பொதுமக்களும் இருந்தார்கள், பொது சுகாதாரப் பேராசிரியர்களும் இருந்தார்கள், நடத்தை அறிவியலைத் தொழிலாகச் செய்கிறவர்களும் இருந்தார்கள். கணிப்புக்கும் நடந்ததற்கும் ஒட்டு உறவே இல்லை. எல்லாத் தரப்பும் விளைவைப் பெரிதாகவே நினைத்தது. நலத்திட்டம் ஒன்றை மேசையில் உட்கார்ந்து வடிவமைக்கும் எவரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான் பத்து நிமிடம் நின்றேன். நன்றாக இருக்கிறது என்று நானே தலையாட்டிய யோசனைகள் நினைவுக்கு வந்தன.

அதிகம் பேசப்படாத எண் 8%. நான்கு வாரம் முடிந்த பிறகும் அளந்து காட்டும்படி வருகை கூடியிருந்த திட்டங்கள் அவ்வளவுதான். விரல் விட்டு எண்ணினால் நான்கு. மற்றவற்றின் விளைவு மங்கிவிட்டது, அல்லது அளக்க முடியாத அளவுக்குச் சிறிதாகிவிட்டது.

27% என்பதையும் தரைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். வாரம் ஒன்றரை முறையில் 27% என்றால் வாரத்துக்கு 0.4 முறை. நான்கு வாரத்தில் ஒன்றரை வருகை கூடுதல். சதவீதத்தில் கேட்டால் பெரிதாகத் தெரியும். ஒரு மனிதரின் மாதத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு செவ்வாய், ஒரு வியாழன். அதில் 9 செண்டுக்குச் சேர வேண்டிய பெருமையும் முழுமையல்ல. திட்டமிடல், நினைவூட்டல், சொற்பப் பரிசு என்ற அடித்தளமும் அந்த 27%க்குள் இருக்கிறது. இன்னொன்று, 54 பேர் ஓடும் பந்தயத்தில் முதலில் வருகிறவரிடம் திறமையோடு கொஞ்சம் அதிர்ஷ்டமும் ஒட்டியிருக்கும். மறுபடி ஓடவிட்டால் அதே இடைவெளியில் ஜெயிப்பார் என்று சொல்ல முடியாது.

இவ்வளவையும் கழித்த பிறகும் அந்த முடிவில் ஒரு சாரம் மிஞ்சுகிறது என்றே நினைக்கிறேன். முதலிடத்துக்கு வந்த யோசனை தொடக்கத்தைத் தூண்டவில்லை, வெற்றியைக் கொண்டாடவில்லை. தவறிய மறுநாளைக் குறிவைத்தது. ஊக்குவிப்புத் திட்டங்கள் அந்த நாளைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை.

காசு கெடுக்குமா?

பரிசு கொடுத்தால் உள்ளிருந்து வரும் ஆர்வம் செத்துவிடாதா என்ற கேள்வி உடனே எழும். அது நியாயமான கேள்வி. 1971இல் எட்வர்ட் டெசி மாணவர்களுக்கு ஒரு கட்டைப் புதிர் கொடுத்து, சிலருக்கு மட்டும் தீர்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் தந்தார். பணம் நின்றதும், இடைவேளையில் அவர்கள் அந்தப் புதிரைச் சும்மா எடுத்துப் பார்க்கும் நேரம் குறைந்தது. பின்னர் ரிச்சர்ட் ரயனோடு சேர்ந்து அவர் வளர்த்த கோட்பாடு, தானே தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு, முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு ஒட்டுதல் ஆகிய மூன்றும்தான் நீடிக்கும் ஊக்கத்தின் வேர் என்கிறது.

நடைமுறையில் காசு கெடுப்பதைவிட, கரைந்துபோவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். 2016இல் மிதேஷ் பட்டேல் குழு வெளியிட்ட சோதனையில் உடல் எடை கூடிய 281 ஊழியர்களுக்கு நாளுக்கு 7,000 எட்டு (காலடி) என்ற இலக்கு. ஒரு பிரிவுக்கு இலக்கைத் தொட்ட நாளுக்கு 1.40 டாலர். இன்னொரு பிரிவுக்கு மாதத் தொடக்கத்திலேயே 42 டாலர் ஒதுக்கிவிட்டு, தொடாத ஒவ்வொரு நாளுக்கும் 1.40 டாலரைக் கழித்தார்கள். கூட்டிக் கழித்தால் தொகை ஒன்றுதான். ஆனால் பரிசே இல்லாத பிரிவு 30% நாட்களில் இலக்கைத் தொட்டது; பணம் பெற்ற பிரிவு 35%; பணத்தை இழக்கும் பிரிவு 45%. கையில் இருப்பது போவது அவ்வளவு உறுத்துகிறது. 13 வாரம் முடிந்து பணம் நின்றதும் பிரிவுகளுக்கிடையே இருந்த வித்தியாசமும் நின்றுவிட்டது.

9 செண்ட் இந்த வலையில் சிக்காததற்குக் காரணம், அது கூலி என்று யாருக்கும் தோன்ற முடியாத அளவுக்குச் சின்னது என்பதாக இருக்கலாம். இது என் ஊகம்தான். காசைவிட, 'தவறினால் பரவாயில்லை, உங்கள் இடம் அப்படியே இருக்கிறது' என்ற சேதிதான் வேலை செய்திருக்கும் என்று படுகிறது.

தவறிய நாள் பழக்கத்தைக் கெடுப்பதில்லை என்பதற்கு வேறு ஆதாரமும் உண்டு. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கண்காணித்தது. ஒரு புதிய செயல் தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 12 வாரம் என்றால் 84 நாள்தானே, 254 எங்கிருந்து வந்தது? வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்ட எண் அது. 66 நாளில் பழக்கம் வரும் என்று அடித்துச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இடையில் ஒருமுறை விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதும் இல்லை. அப்படியானால் ஒரு நாள் விட்டதால் உடலுக்கும் பழக்கத்துக்கும் பெரிய நட்டமில்லை. 'அவ்வளவுதான், போச்சு' என்று அந்த நாளுக்கு நாம் கொடுக்கும் அர்த்தம்தான் அடுத்த மூன்று மாதத்தைத் தின்றுவிடுகிறது.

ஜிம்முக்கு வெளியே

இந்தச் சோதனை யாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதும் முக்கியம். உறுப்பினர் கட்டணம் கட்டும் வசதி இருந்தவர்கள், கைபேசிச் செய்தியைப் படிப்பவர்கள், தாங்களே விரும்பிச் சேர்ந்தவர்கள். அந்த 180 கோடிப் பேரில் பெரும்பாலோர் இவர்களைப் போன்றவர்கள் அல்ல. வருகைப் பதிவு என்பது பயிற்சியின் அளவும் அல்ல. வாசலில் பதிந்துவிட்டு உள்ளே போய்க் கைபேசி பார்த்துக்கொண்டிருந்தாலும் கணக்கு ஏறும்.

ஜிம் வாசலை மிதிக்காதவர்களுக்கு நடைதான் வழி. 2007இல் டீனா பிரவாட்டா குழு 26 ஆய்வுகளை, 2,767 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. எட்டு எண்ணும் கருவியை இடுப்பில் மாட்டியவர்கள் முன்பைவிடச் சுமார் 27% அதிகம் நடந்தார்கள். ஆனால் நாளுக்கு இத்தனை எட்டு என்ற இலக்கு இருந்தவர்களிடம்தான் அந்த முன்னேற்றம் தெரிந்தது.

இலக்கு என்றதும் 10,000 என்ற எண் வந்து நிற்கும். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் எட்டு எண்ணியின் பெயரே 'பத்தாயிரம் எட்டு மானி' என்ற பொருளில் அமைந்தது; எண் அங்கிருந்து பரவியது, மருத்துவ ஆய்விலிருந்து அல்ல. 2022இல் வெளியான, 47,471 பேரை உள்ளடக்கிய தொகுப்பாய்வு, இறப்பு அபாயம் குறைவது 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000 எட்டுக்குள், அதற்குக் கீழுள்ளவர்களுக்கு 8,000 முதல் 10,000 எட்டுக்குள் சமநிலைக்கு வந்துவிடுவதாகக் காட்டியது. நாளுக்கு 3,000 எட்டு நடக்கும் ஒருவரிடம் 10,000 என்று சொல்லிவிட்டால் அவருக்கு எல்லா நாளுமே தவறிய நாள். திரும்பி வர அவருக்கு இடமே இல்லாமல் போகிறது. 3,500 என்று சொன்னால் வாரத்தில் இரண்டு நாள் தவறும், ஐந்து நாள் தொடும்.

முதல் நாள் வேகமும் இதே கதைதான். பான்டெலெய்மன் எக்கெகாகிஸ் என்ற ஆய்வாளர் பயிற்சியின் போது மக்கள் எப்படி உணர்கிறார்கள் என்பதையே பல ஆண்டுகளாக அளந்து வருபவர். மூச்சு வாங்கத் தொடங்கும் எல்லையைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் இன்பம் சரிகிறது. பேசலாம், பாட முடியாது என்ற அளவில் இருந்தால் அடுத்த முறை வர மனம் இருக்கும். புத்தாண்டுத் தீர்மானத்தோடு முதல் நாளே மூச்சு முட்ட ஓடி, மறுநாள் படியிறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த மறுநாளும் தவறிய நாள்தான். உடம்பே விடுப்புச் சீட்டு எழுதித் தந்துவிடுகிறது.

திங்கட்கிழமைத் தீர்மானத்தைக் கேலி செய்தேன். அதிலும் விஷயம் இருக்கிறது. மில்க்மன் உள்ளிட்ட மூவர் 2014இல் ஒரு பல்கலைக்கழக ஜிம்மின் வருகையைப் பார்த்தபோது வாரத்தின், மாதத்தின், ஆண்டின் தொடக்கத்திலும் பிறந்தநாளுக்குப் பிறகும் கூட்டம் கூடியிருந்தது. 21ஆம் பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் சட்டப்படி மது அருந்தலாம் என்ற வயது அது. புதிய பக்கம் புரட்டுவது மனிதருக்குப் பிடிக்கும். சிக்கல், அடுத்த புதிய பக்கம் வருவதற்கு ஆறு நாள் இருக்கும்போது செவ்வாயைத் தவறவிடுவதில்தான்.

இப்போது கைபேசியில் இருக்கும் பல நடைச் செயலிகள் இதற்கு நேர்மாறாகக் கட்டப்பட்டிருக்கின்றன. 41 நாள் தொடர்ந்து நடந்தால் 41 என்று பெரிய எழுத்தில் ஒளிரும். 42ஆம் நாள் காய்ச்சலில் படுத்தால் மறுநாள் திரையில் 0. நாற்பத்தொரு நாள் நடந்த கால்கள் நடக்காத கால்களாகிவிட்டன என்று அந்தச் செயலி நினைக்கிறது. நானும் அந்தச் சுழியத்தைப் பார்த்துச் செயலியை நீக்கியிருக்கிறேன், கூடவே நடையையும். மூன்று நாள் காய்ச்சல் மூன்று மாத ஓய்வானது அப்படித்தான்.

ஒரு நிறுவனத்துக்காகவோ மருத்துவமனைக்காகவோ இப்படியொரு திட்டம் தீட்டச் சொன்னால் முதல் நாள் விழாவுக்கும் கடைசி நாள் பதக்கத்துக்கும் ஒதுக்கிய காசை எடுத்து நடுவில் போடுவேன். கிழமையும் மணியும் இடமும் அவரவரே எழுத வேண்டும். இலக்கு அவரவரின் இப்போதைய நிலையிலிருந்து ஒரு படி மேலே. யாராவது தவறினால் அன்று மாலை எதுவும் சொல்ல வேண்டாம். மறுநாள் காலை ஒரே ஒரு செய்தி, அடுத்த நாளும் நேரமும் மட்டும் குறிப்பிட்டு. எட்டு வாரத்துக்குப் பிறகு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதைத்தான் எண்ணுவேன், எத்தனை பேர் தவறாமல் வந்தார்கள் என்பதை அல்ல. இதுவும் பலிக்கும் என்று கணிக்க மாட்டேன். கணித்தவர்கள் கதையைத்தான் பார்த்தோமே. பலிக்கிறதா என்று ஒப்பீட்டுக் குழு வைத்து அளக்கச் சொல்வேன்.

என் சுவரில் இப்போது காகித நாட்காட்டிதான். நடந்த நாளுக்கு ஒரு கோடு. தவறிய நாளில் எதுவும் எழுதுவதில்லை. தவறி, மறுபடி போன நாளுக்கு இரண்டு கோடு. போன மாதத்தில் இரட்டைக் கோடு நான்கு இடத்தில் இருக்கிறது.